மாமாவைத் தேடி அடித்த மூன்று தாள்கள்

மதினி அன்று கடைக்குள் நுழைந்தபோது அவர் கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஆண்கள் போடும் பழுப்புத் தோல் செருப்பு. இடது கால் வாரைப் புதுநூலால் தைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து என் மேசைமேல், வாடிக்கையாளருக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த மாதிரித் தாள்களின் மேலேயே வைத்தார். செருப்பை மேசையில் வைக்கிற ஆள் இல்லை மதினி. "அப்பாவைக் காணோம் தம்பி. பிள்ளையார்பட்டியில சாமி கும்புட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஆளில்ல. செருப்பு மட்டும் விட்ட எடத்துலயே இருக்கு" என்றார். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "போஸ்டர் அடிக்கணும், இப்பவே" என்று அவர் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்க, செக்காலை ரோட்டில் இருந்த எங்கள் சின்ன அச்சுக்கடையை நாங்கள் இருவரும் நடத்தினோம். வடிவமைப்பதும் தாள் தேர்வதும் நான். மெஷின் அவர் பொறுப்பு. இப்போது அவரும் சிங்கப்பூர் போய்விட்டார், கடையில் நான் மட்டும் இருக்கிறேன். காணாமல் போன அவருடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். இரண்டு வருடமாக அவருக்கு மறதி. சில காலைகளில் பெற்ற மகளையே ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார். பெயர் கேட்டால் சிரிப்பார். தினம் இரண்டு வேளை சர்க்கரைக்கு ஊசி போட வேண்டும். ஊசி தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் முன்பே எங்களைக் கலங்கடித்து வைத்திருந்தார்.

தாள் விஷயத்தில் எனக்கு அந்நாளில் தலைக்கனம் உண்டு. ஜிஎஸ்எம் என்று தாளின் கனத்துக்கு ஒரு எண் சொல்வோம்; எண் ஏற ஏறத் தாள் கனக்கும். வருகிறவர்களிடம் அந்த எண்ணை மந்திரம்போலச் சொல்லி அசத்துவேன். அன்றும் யோசிக்காமல் நூற்று எழுபது ஜிஎஸ்எம் பளபளப்பு ஆர்ட் பேப்பரை எடுத்து, கலர் லேசர் மெஷினில் போடச் சொன்னேன். மதினி தாளை விரலால் மடக்கிப் பார்த்தார். "இம்புட்டுக் கனமா இருக்கே தம்பி, செவுத்துல நிக்குமா?" என்றார். "முகம் தெளிவா விழணும் மதினி. நீங்க மெஷினைப் பாருங்க" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. அச்சு அருமையாகத்தான் விழுந்தது. மாமாவின் புருவத்து நரையை ஒவ்வொன்றாக எண்ணலாம். சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பட்டி கோயில் வீதி, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு, சந்தைப் பக்கம் எல்லாம் மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை பிள்ளையார்பட்டி போய்ப் பார்த்தால், பாதிக்குமேல் தரையில் கிடந்தன. ஈரப் பசை பட்டதும் கனத்த தாள் விறைத்துச் சுருண்டு, நான்கு மூலையும் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது. ஒன்றின்மேல் வேன் ஏறிப் போயிருந்தது. மதினி அதைக் குனிந்து எடுத்து, அப்பா முகத்திலிருந்த மண்ணைத் தட்டி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னை இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரு நாள் முழுக்க என் மேதாவித்தனத்தால் போயிற்று.

இந்தத் தடவை தாளை மதினியே தேர்ந்தார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வது மெல்லிய தாள்தான். அதனால் மதினி நேரே எங்கள் தெருமுனை ஆஃப்செட் அச்சகத்துக்குப் போனார். அங்கே எந்நேரமும் ஓடுவது கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்தான். அறுபது ஜிஎஸ்எம் தாள், கறுப்பு மை ஒன்று மட்டும், ஒன்றரை மணி நேரத்தில் கட்டுக் கையில். மேலே 'காணவில்லை' என்று பெரிய எழுத்து, நடுவில் மாமா படம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை நாங்கள் கேட்கவில்லை. பழக்கத்தில் அவர்களாகப் போட்டிருந்தார்கள். நாங்களும் அவசரத்தில் கவனிக்கவில்லை. மதியத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. ஒன்றுகூட விழவில்லை. ஒருவர்கூட போனும் செய்யவில்லை.

மூன்று மணிவாக்கில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மதினியின் தூரத்து அத்தைகள் இருவர், கையில் ரோஜா மாலையோடு இறங்கினார்கள். இறங்கும்போதே ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு, "எங்களை விட்டுப் போயிட்டீகளே அண்ணே" என்று குரலெடுத்தார். இன்னொருவர் மதினியின் கையைப் பிடித்து, "ஏத்தா, எப்ப எடுக்குறீக? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதா?" என்றார். எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டார். போலீஸிலிருந்து இவர்களுக்குத் தகவல் போயிருக்குமோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

"யாரு சொன்னா?" என்று மதினி கேட்டார். "பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒட்டியிருக்கே." மதினி முகம் கடுத்துவிட்டது. "எங்கப்பா சாகல அத்தை. காணோம். மேல அம்புட்டுப் பெருசா எழுதியிருக்கே, படிக்கலையா?" அத்தை மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மொகத்தைப் பாத்ததுமே நெஞ்சு அடைச்சுப்போச்சு. அதுக்குமேல யாரு ஆத்தா படிச்சா?" என்றார்.

அவர்களை அனுப்பிவிட்டு மதினி உள்ளே வந்து உட்கார்ந்தார். சுவரில் வயதானவர் முகம், கறுப்பு மை, மெல்லிய தாள் என்றால் ஊரார் எல்லோரும் கண்ணீர் அஞ்சலி என்றெண்ணி ஒரு உச்சுக் கொட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது விளங்கிவிட்டது. அந்தப் போஸ்டரை அன்றாடம் அடித்து விற்கிற தெருவில் இருந்துகொண்டு எங்களுக்கு இது உறைக்காமல் போயிற்று. மதினி எதிரே அலமாரியில் அடுக்கியிருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கல்யாணப் பத்திரிகையைக் கையில குடுத்தா படிக்காம யாராச்சும் விடுவாகளா? கீழதான் போடுவாகளா? மஞ்ச அட்டையை ரெண்டா மடிச்சு மேல பிள்ளையார் சுழி போடுங்க. உள்ள அப்பா படமும் நம்ம போன் நம்பரும்" என்றார். எனக்கு உடம்பு கூசியது. "ஊரு சிரிக்கும் மதினி" என்றேன். "சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே படிப்பாக" என்றார்.

அட்டை அடிப்பது லேசில் முடியவில்லை. முதலில் கைக்குக் கிடைத்த மினுமினுப்பு அட்டையில் அடித்தோம். மதினி கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க, போன் நம்பரின் கடைசி மூன்று எண்கள் பொடியாக உதிர்ந்தன. லேசர் மெஷினின் மைப்பொடி பிடிக்காத பூச்சு. அதைத் தள்ளிவிட்டு, பூச்சில்லாத இருநூற்றுப் பத்து ஜிஎஸ்எம் மஞ்சள் அட்டையை எடுத்தேன். எங்கள் மெஷின் தாங்கக்கூடிய கனத்தின் எல்லை அது. மெஷினின் பக்கவாட்டுத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்து, சூடு நன்றாக ஏறி மைப்பொடி ஒட்டும்படி வேகத்தைக் குறைத்து அடிக்க வேண்டும். மடிப்பில் விழுந்தால் எழுத்து வெடிக்கும் என்று போன் நம்பரை நான் கீழே இறக்கினேன். நடுவில் இரண்டு அட்டை உள்ளே சிக்கின. ஆறும்வரை பொறுக்காமல் மதினி கையை விட்டு இழுத்ததில் இரண்டு விரலில் கொப்புளம். "அப்பாவுக்கு ஊசி போட்டு ரெண்டு நாளாச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அட்டையை வைத்தார். வந்த ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத்தான் அடுக்கினார்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கண்டக்டர்கள், டீக்கடைக்காரர்கள், பூக்கட்டும் பெண்கள் எல்லோருக்கும் மதினி இரண்டு கையாலும் நீட்டி, "அவசியம் பாருங்க" என்றே கொடுத்தார். வாங்கிய எல்லோரும் முகமலர்ச்சியோடு பிரித்தார்கள், பிரித்ததும் முகம் மாறியது, முழுக்கப் படித்தார்கள். கண்டக்டர் ஒருவர் நான்கைந்து கூடுதலாக வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான் ஒட்டிய அத்தனை போஸ்டருக்கும் நடக்காதது அது.

பன்னிரண்டு மணிக்கு அந்தக் கண்டக்டர்தான் கூப்பிட்டார். மதினி ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, பெரியவரு கண்டரமாணிக்கம் ஸ்டாப்புல உக்காந்திருந்தாரு. அசந்துபோய் இருக்காரு, ஆனா தெம்பாத்தான் பேசுறாரு. கடைக்காரவுக ரெண்டு பேரு வண்டியில ஏத்தப் பாத்திருக்காக, கையைத் தட்டி விட்டுட்டாரு. நான் கூப்புட்டும் வரல. பெறகு இந்தப் பத்திரிகையைக் கையில குடுத்து, கல்யாணத்துக்குப் போறோம் வாங்கன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு ஏறிட்டாருக்கா."

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ஊசி மருந்தோடு காத்து நின்றோம். பஸ் வந்ததும் கண்டக்டர் மாமாவைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வேட்டியெல்லாம் புழுதி, கன்னம் ஒட்டியிருந்தது, கையில் அட்டையை மடிப்புக் குலையாமல் பிடித்திருந்தார். மதினி ஓடிப்போய் எதிரில் நின்றார். மாமாவுக்கு அவரைத் தெரியவில்லை. "நீங்க கல்யாண வீட்டுக்காரவுகளா?" என்றார். மதினி தலையாட்டினார். மாமா அட்டையைப் பிரித்து உள்ளே இருந்த படத்தைக் காட்டி, "இந்தப் பெரியவரை எங்குட்டோ பாத்திருக்கேன்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "பொண்ணோட அப்பாவை எங்க காணோம்? வந்தவுகளை நின்னு வாங்கன்னு கூப்புட வேணாமா?"

மதினி கொப்புளம் விட்ட விரல்களால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டாக. இப்பத்தான் வந்து எறங்குனாக" என்றார்.