தீச்சட்டி வர்ணனையும் பாக்கியம் அம்மாவும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் விருதுநகர் கேபிள் சேனலின் அடியில் ஓடிய வரியில் செய்தி வந்தது: பாக்கியம் அம்மா காலமானார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. அதன்பிறகே பொருள் உறைத்தது.

அவரைத் திரையில் கண்டு சிரித்தவர்கள் நீங்கள். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டியவர் அவர். அங்கே பேட்டி எடுக்கப் போன சேனல் முதலாளி, சமையல் நிகழ்ச்சி நடத்த அவரை அழைத்து வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் சேனலில் நிகழ்ச்சிகளுக்கு எழுதிக் கொடுப்பவன். அவருடைய "அம்புட்டு"களை எல்லாம் "அவ்வளவு" என்று திருத்துவேன். "சரிங்க வாத்தியாரய்யா. ஆனா அவ்வளவுன்னா கொஞ்சமாத் தெரியுதே!" என்பார்.

ஒரு பங்குனிப் பொங்கல் திருவிழாவில், மாரியம்மனுக்கு நெருப்புச் சட்டி ஏந்தி வரும் தீச்சட்டி நாளின் நேரடி வர்ணனை அவருக்குக் கிடைத்தது. "ஊர்க்காரங்க குறை சொன்னா, நாளைக்குத் தேருக்கு மதுரையில இருந்து ஆள் வந்திரும்" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். வர்ணனையை எழுதிக் கொடுத்தவனும், குறைகளைக் குறித்துக்கொள்ளத் தொலைபேசி அருகில் உட்கார்ந்தவனும் நானே.

முதல் தாளை அழகாக வாசித்தார். இரண்டாம் தாளில், அவரோடு வேலை பார்த்த பெண் தீச்சட்டியுடன் எங்களைக் கடந்தார். பாக்கியம் அம்மா மைக்கை மறந்தார்.

"ஏ முத்துமாரி! வேப்பிலையக் கனமா வச்சுப் பிடி. பையப் போ தாயி!"

பிறகு கேமராவைப் பார்த்தார். "வருசம் பூரா ஒரு பொறி பக்கத்துல வந்திரக் கூடாதுன்னு பயந்து வேலை பாக்குறவுக நாங்க. இன்னைக்கு ஒரு நாளு, அந்த நெருப்பையே கையில ஏந்தி ஆடுறோம். ஆத்தாகிட்ட வேற எப்படிச் சொல்ல, எங்களப் பாத்துக்கோன்னு?"

தொலைபேசி அடித்தது. சூலக்கரையிலிருந்து ஒரு பெண்: "எங்க அத்தை பேசுற மாதிரியே இருக்குங்க. அந்தத் தாளை வாங்கி வச்சுக்கிட்டு, அவுகளப் பேச விடுங்க!"

அடுத்து ஒரு முதியவர்: "எங்க வீட்டம்மா டிவிக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கா. எனக்குக் காப்பி வரல. இது குறைன்னா எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் கோபமாகவே பேசினார்: "ஒரே கொச்சை. அங்கன ஒரு தமிழாசிரியர் இருக்காராமே, தூங்குறாரா?" அதையும் எழுதினேன்.

மாலையில் முதலாளியின் விரல் அந்த மூன்றாவது குறிப்பில் நின்றது. "இதுக்கு நீங்கதான் சார் சொல்லணும். நாளைக்கு யாரு?"

பாக்கியம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் நான்கு முறை யோசிப்பவன், அன்று யோசிக்கவில்லை. "அவுகளே பேசட்டும். நான் எழுதுனதெல்லாம் எதுக்கு?" என்று வந்துவிட்டது. வகுப்பறையில் இத்தனை காலம் நான் வெளியே விடாத பேச்சு.

"அட! நீங்களும் நம்ம பக்கந்தானா? இத்தன நாளும் அசலூர்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் தேரை நம் வீடுகளுக்குள் இழுத்து வந்தது அவர் குரல்தான். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படியே.

இப்போது என் வீட்டுக்கு வருகிறவர்களை, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று நம் ஊர்ப் பேச்சிலேதான் கேட்கிறேன். கேட்டதும் அவர்கள் முகம் மலர்கிறது. நாற்காலியின் நுனியில் இருந்தவர்கள் சாய்ந்து உட்கார்கிறார்கள். பாக்கியம் அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.