தலைக்கட்டுக்கு நாப்பதாயிரம்

சராசரின்னு யாராவது சொன்னா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருதுங்க. டிவில செய்தி படிக்கிற புள்ளை சொன்னாலும் சரி, உடனே சேனலை மாத்திருவேன். எம் மருமக சிரிப்பா. சிரிக்கட்டும், ஏன் மாத்தறேன்னு அவளுக்குத் தெரியும்.

எங்க தோட்டம் பாலக்காட்டுக்குக் கிழக்க, வாளையார்ப் பெரிய ரோட்டுல இருந்து ரொம்ப உள்ள. தென்னை இருக்குது, மழை பேஞ்சா கடலை போடுவோம். போன வருசம் ஆவணில மகனுக்குக் கல்யாணம் பண்ணினோம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவன் பைனான்ஸ்ல ஒரு பழைய லாரி எடுத்திருந்தான். பொள்ளாச்சில கோழித்தீவனம் ஏத்தி திருச்சூர்ப் பக்கம் எறக்கிட்டு வருவான். வண்டி ஓடுனாத்தான் தவணை, தவணை கட்டுனாத்தான் வண்டி. இதுதான் அவன் பொழப்பு. கல்யாணச் செலவுல ரெண்டு தவணை தவறிப் போச்சு. மூணாவதும் தவறினா வண்டியைத் தூக்கிருவோம்னு பைனான்ஸ்காரங்க ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. ராப்பகலா ஓட்டி அந்த மூணாவது தவணைக்குப் பணம் சேத்து வச்சிருந்தான்.

அந்த நேரம் பாத்துத்தானுங்க குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிசேகம் வந்துச்சு.

எங்க கோயிலுக்கு வரி தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. இருபத்தஞ்சு வயசுப் பையனும் ஒரு தலைக்கட்டு, அறுபத்தஞ்சு வயசுப் பண்ணையக்காரரும் ஒரு தலைக்கட்டு. எம் மகன் தாலி கட்டுன மறுநாளே தனித் தலைக்கட்டு ஆயிட்டான். ஊடு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, சோத்துப் பானை ஒண்ணு, வரி மட்டும் ரெண்டு. வருசா வருசம் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஐந்நூறு கேக்கறப்ப அது யாருக்கும் உறைக்கல. எனக்கும்தான்.

கோயில் கமிட்டிக்குத் தலைவரு எங்கூட்டுக்காரரோட பெரியப்பா மகன். பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் மாமான்னு கூப்பிடுவேன். கெட்ட மனுசன் இல்லீங்க, அதுதான் எரிச்சலே. கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம். அவரு ஊடு ஊடாப் போயி, எத்தனை ஏக்கரா, ஊடு எப்படி, வண்டி வாசல் என்னன்னு கேட்டாரு. கடன் எவ்வளவுன்னு மட்டும் கேக்கல. கேட்டிருந்தாலும் எவன் சொல்லப் போறான்? எங்கூட்டுக்கு வந்தப்ப எங்கூட்டுக்காரரு லாரியையும் சொத்துல சேத்துச் சொன்னாரு. அந்த லாரில ஒரு சக்கரம் எங்களுது, மீதியெல்லாம் பைனான்ஸ்காரனுது!

கூட்டத்துல மாமா மைக்கைப் பிடிச்சாரு. நம்ம குலத்துல எழுபது தலைக்கட்டு, எல்லாச் சொத்தையும் கூட்டி எழுபதுல வகுத்தா சராசரி ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கோடிக்கு மேல வருதுன்னாரு. “ஒரு கோடி வச்சிருக்கறவன் சாமிக்கு நாப்பதாயிரம் குடுக்க மாட்டானா?” அவ்வளவுதான், கை தட்டுன தட்டுல மரத்துல இருந்த காக்கா பறந்து போச்சு. எங்கூட்டுக்காரரும் தட்டுனாரு.

அந்தக் கோடி எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எங்க பங்காளிகள்ல ரெண்டு ஊட்டுக்காரங்களுக்கு நாலுவழி ரோட்டை ஒட்டிப் பூமி. ஒரு காலத்துல ஆடு கூட மேயாத கரடு. இன்னைக்கு சென்ட்டுக் கணக்குல வெலை பேசறாங்க. அந்த ரெண்டு பேரையும் எடுத்துட்டுக் கூட்டிப் பாத்தா மத்தவங்க கோடியெல்லாம் ஆவியாப் போயிரும். ரெண்டு பேரு வயிறு முட்டச் சாப்பிட்டதுக்கு எழுபது பேரும் ஏப்பம் உடோணுமாக்கும்!

அதுல இன்னொரு கொடுமை வயசு. கல்யாணமான புதுசுல எவனுக்குங்க சொத்து? நகை அடகு, வண்டித் தவணை, சீர்ல மிச்சமான கடன், இதுதான் அவன் சொத்து. நாப்பது வயசுல ஒரு கடனை அடைச்சு இன்னொண்ணு வாங்கியிருப்பான். அப்பன் பாகம் பிரிச்சுக் குடுத்து, புள்ளைகளையும் கரையேத்தி, ஐம்பத்தஞ்சு அறுபதுலதான் மனுசன் கொஞ்சம் மூச்சு உடுவான். அதுக்கப்பறம் மகன் பேர்ல எழுதிக் குடுத்துட்டு மறுபடியும் வெறுங்கையா உக்காந்திருப்பான். இத்தனை பேரையும் ஒட்டுக்காப் போட்டு ஒரே வரியா? மாமா என்னடான்னா எம் மகனைப் பாத்து, “உன் வயசுல நான் பிஎஃப் சேக்க ஆரம்பிச்சுட்டேன் தெரியுமா கண்ணு”ங்கறாரு. அரசாங்கச் சம்பளம் வாங்குனவரு பேசற பேச்சு!

ஊட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான், “கட்டிரலாம்மா. சாமி காரியம்.”

“எதை வச்சுக் கட்டுவே?”

எதை வச்சுன்னு எனக்குந்தான் தெரியுமே. மூணாவது தவணைக்கு வச்சிருந்த பணத்தை.

“வண்டி போயிட்டா சாமி வந்து தீவனம் ஏத்துமா?”ன்னு கேட்டேன். எங்கூட்டுக்காரருக்குக் கோவம் வந்துருச்சு. வாயை அளந்து பேசு, சம்பந்தி ஊட்டுக் காதுக்குப் போச்சுன்னா நம்ம மானம் என்னாகும்னாரு. கல்யாணம் பேசறப்பவே எட்டு ஏக்கரா, பத்துப் பைசா கடன் இல்லைன்னு சொல்லி வச்ச மனுசன். அந்த எட்டு ஏக்கராப் பத்திரம், எங்க பக்கம் ஆதாரம்பாங்க, அதுவும் போர் போடறதுக்கு வாங்குன கடனுக்கு பேங்குலதான் கெடக்குது. போர்லயும் தண்ணி இல்ல.

எந்தத் தேதிக்குள்ள வரி கட்டோணும்னு முடிவு பண்ண அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடியும் கூட்டம் போட்டாங்க. எங்க பக்கம் பொம்பளைக கூட்டத்துல பேசறதில்லை, ஓரமா உக்காந்துட்டு வந்துருவோம். அன்னைக்கு நான் எந்திரிச்சேன்.

சும்மா வீம்புக்கு எந்திரிக்கலீங்க. எங்க அயல்கூட்டத்துல நான் செக்ரட்டரி. பக்கத்து ஊட்டுப் பொம்பளைக ஒண்ணாச் சேந்து வாராவாரம் காசு போட்டு வைக்கற கூட்டம் அது. ஆரம்பத்துல ஆளுக்கு எவ்வளவு போடறதுன்னு எல்லாரோட வருமானத்தையும் கூட்டி வகுத்துத்தான் வச்சோம். எங்கள்ல ஒருத்தி துணிக்கடைக்காரி, அவளால கணக்கு எகிறிப் போச்சு. பாதிப் பேரு வரதையே நிறுத்திட்டாங்க. அப்பறம் வேற மாதிரி பண்ணினோம். ரொம்ப முடியாதவ மொதக்கொண்டு ரொம்ப முடிஞ்சவ வரைக்கும் வரிசையா நிறுத்தி, நடுவுல நிக்கறவளைக் கேட்டோம், உன்னால எவ்வளவு முடியும்னு. அவ சொன்ன தொகைதான் இன்னைக்கும் ஓடுது. அதுக்கும் முடியாதவளுக்குப் பாதி.

அதையேதான் அன்னைக்கும் சொன்னேன். “மாமா, அந்தச் சராசரியை உடுங்க. கடனைக் கழிச்சுட்டு மிச்சம் இருக்கறதுப்படி தலைக்கட்டெல்லாம் வரிசையா நிக்கட்டும். கம்மியா இருக்கறவங்க அந்த வேப்பமரத்தடில, ஜாஸ்தி இருக்கறவங்க கோயில் படிக்கிட்ட. நட்டநடுவுல நிக்கறவரைக் கேளுங்க, நாப்பதாயிரம் குடுக்க முடியுமான்னு. அவரு முடியும்னா நான் வாயை மூடிக்கறேன்.”

மாமா சிரிச்சாரு. “அம்மிணி சொல்லிட்டாங்க, நில்லுங்கப்பா பாக்கலாம்”ன்னாரு.

மொதல்ல எந்திரிச்சது எங்கூட்டுக்காரருதான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. இத்தனை வருசத்துல இன்னைக்காவது எம் பேச்சுக்கு ஒரு மரியாதை குடுத்தாரேன்னு நெனச்சேன். வேட்டியைத் தட்டி மடிச்சுக் கட்டுனாரு. துண்டைத் தோள்ல போட்டாரு. நேரா நடந்து போயி கோயில் படிக்கிட்ட, அந்த ரோட்டோரப் பூமிக்காரங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல நின்னுக்கிட்டாரு. அதுல ஒருத்தரு, “வாங்க பங்காளி”ன்னு கேலியா ஒதுங்கி எடம் வேற குடுத்தாரு.

அதுக்கப்பறம் எல்லாரும் எந்திரிச்சாங்க. போன மாசம் எங்கிட்ட மாட்டுத் தீவனத்துக்குக் கைமாத்து வாங்குனவன் போயிப் படிக்கிட்ட நிக்கறான். புள்ளை காலேஜ் பீசுக்குப் பொண்டாட்டி தாலிக்கொடியை அடகு வச்சவன் அவனுக்கு முன்னாடி முண்டிக்கிட்டு நிக்கறான். கோயில் வாசல்ல நோம்பிக் கூட்டம் மாதிரி நெரிசல். வேப்பமரத்தடில ஒரு நாய் படுத்திருந்துச்சு, அது ஒண்ணுதான்.

எம் மகன் மட்டும் நடுவால நின்னான். மரத்தைப் பாத்தான், அவங்கப்பனைப் பாத்தான், என்னைப் பாத்தான். மரத்தடிக்குப் போ சாமின்னு கண்ணாலயே சொன்னேன். கெஞ்சுனேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயி அவங்கப்பன் பக்கத்துல நின்னான். நிக்காம என்ன பண்ணுவான்? அப்பன் மேல நிக்கறப்ப மகன் எப்படிங்க கீழ போயி நிப்பான்?

“பாத்தீங்களா அம்மிணி, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க”ன்னாரு மாமா. தேதியும் குறிச்சாச்சு.

மகன் அந்த வாரமே கட்டிட்டான். ரசீதைச் சாமி படத்துக்கிட்ட வச்சான். எங்கூட்டுக்காரரு தன்னோட நாப்பதாயிரத்துக்குத் தேங்காய் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கிக் கட்டுனாரு. மாசக் கடைசில வாளையார் செக்போஸ்ட்டுல லாரிக வரிசை கட்டி நின்னப்ப, பைனான்ஸ் ஆளுக ரெண்டு பேரு பைக்குல வந்து எம் மகனைக் கீழ எறங்கச் சொல்லிச் சாவியை வாங்கிட்டாங்க. லோடை வேற வண்டிக்கு மாத்திட்டு பஸ்ஸுல வந்து எறங்குனான். கைல தண்ணி கேனும் போர்வையும் மட்டும். எம் மகன் அழுது நான் பாத்ததில்லை, அன்னைக்குப் பாத்தேன்.

யாரு கேட்டாலும் வண்டி சர்வீசுக்குப் போயிருக்குதுன்னே எங்கூட்டுக்காரரு சொல்லிட்டிருந்தாரு. யாருகிட்டங்க மறைக்கறது? மருமக எங்கிட்ட மெதுவாச் சொன்னா, “நம்ம கடனெல்லாம் எனக்குக் கல்யாணமான மாசமே தெரியும் அத்தை. எங்கப்பாவுக்கும் தெரியும்.” தலைல அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. இப்ப எம் மகன் திருப்பூர் முதலாளி ஒருத்தருக்குக் கூலிக்கு வண்டி ஓட்டறான்.

கும்பாபிசேகத்துக்கு முந்தின நாள் பந்திக்குக் காய் அரிய பொம்பளைக எல்லாரும் கூடியிருந்தோம். மைக்குல மாமா, எழுபது தலைக்கட்டுல ஒரு தலைக்கட்டு கூடப் பாக்கி இல்ல, நம்ம சராசரி நெசந்தான்னு நிரூபிச்சுட்டோம்னு பெருமையாப் பேசறாரு. எனக்குப் பொறுக்கல. காய் அரியறதை நிறுத்திட்டுச் சத்தமாவே சொன்னேன், “எம் மகன் லாரி போச்சு. எங்க ஆதாரம் பேங்குல இருக்குது. எல்லாத்தையும் கழிச்சா எங்கூட்டுக்கு மிச்சம் ஒண்ணுமே இல்ல. எவ வேணாலும் கேட்டுக்குங்க.”

யாரும் நிமிந்து பாக்கல. எம் பக்கத்துல இருந்தவ, முறைக்கு எனக்குக் கொழுந்தனார் பொண்டாட்டி, பூசணிக்காயை நறுக்கிட்டே மெதுவாச் சொன்னா, “எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க்கா. பால் மாடு ரெண்டையும் வித்துத்தான் வரி கட்டுனோம். இப்பப் புள்ளைக்கே பால் வெளிய வாங்கறேன்.”

எனக்கு அடங்காத கோவம் வந்துருச்சு. “அப்பறம் ஏன்டி உங்கூட்டுக்காரரு மேல போயி நின்னாரு? மரத்தடில ஒருத்தராவது நின்னிருந்தா எம் மகன் வண்டி தப்பிச்சிருக்குமே!”

அவ என்னை நிமிந்து பாத்தா. “அவரு மரத்தடிக்குப் போகத்தானுங்க்கா எந்திரிச்சாரு. அதுக்குள்ள உங்கூட்டுக்காரரு மேல போயி நின்னுட்டாருங்களே.”

அன்னைக்கு ஊட்டுக்குப் போயி நான் அவருக்குச் சோறு போடலீங்க. ஏன்னு அவரும் கேக்கல.