கடிவாளம் பிடித்த கை

ஐம்பது வயதில் குதிரையேற்றம் பழகி, நாமக்கல்லில் புதியவர்களுக்கான தாண்டும் போட்டியில் பெயர் கொடுத்திருந்தேன். நான் குதிரையோடு மைதானத்துக்குள் போனதும் கேட்டைச் சாத்தினார்கள். மோகனூரிலிருந்து உறவினர்கள் வேன் பிடித்து வந்திருந்ததால், பின்வாங்கவும் வழியில்லை.

தாண்ட வேண்டிய முதல் கம்பியின் முன் குதிரை நின்றுவிட்டது. இன்னொரு முறை நின்றால் வெளியேற்றிவிடுவார்கள். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து, குதிகாலால் உதைத்தேன்.

இந்தப் போட்டியில் பயிற்சியாளர் வேலியோரம் நின்று பேசலாம். “ஏனுங்க, உங்க காலு போகச் சொல்லுது, கை நிக்கச் சொல்லுது. அது யாரு பேச்சைத்தானுங்க கேக்கும்?” என்றார் அவர்.

“கையை உட்டா உழுந்துருவேனுங்க.”

“உழுந்தா மண்ணுதானுங்க. உடுங்க.”

விரல்களைத் தளர்த்தினேன். குதிரை கழுத்தை நீட்டி மூச்சு விட்டது. பிறகு தாண்டியது.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. குதிரை மூச்சு விட்ட அந்த நொடி வரை, மாட்டிக்கொண்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.