மதில் ஓரத்துத் திருகுகள்ளி

காரைக்குடியில் நாங்கள் புது வீடு கட்டியபோது மதில் ஓரம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. பச்சைக் குச்சி குச்சியாக வளரும் திருகுகள்ளிதான் தோது என்று, தேவகோட்டையிலிருந்து தங்கை கொடுத்ததை வரிசையாக நட்டேன். நன்றாகவே வளர்ந்தது.

ஒரு ஞாயிறு என் கணவர் அதைக் கத்தரித்தபோது பால் தெறித்துக் கண்ணில் விழுந்தது. "எரியுதுடி! கண்ணே தெரியலை!" என்று அலறினார்.

"தேய்க்காதீக, இங்குட்டு வாங்க!" என்று குழாயடிக்கு இழுத்துப் போய் விடாமல் கழுவினேன். பிறகு ஆட்டோவில் கண் மருத்துவரிடம் ஓடினோம்.

"உடனே கழுவுனதாலதான் பார்வை தப்பிச்சுச்சும்மா" என்றார் அவர். சொட்டு மருந்து போட்டுப் பார்வை தெளியச் சில நாள் ஆனது; அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கள்ளியைப் பத்திரமாக ஆள் வைத்து எடுத்துவிட்டோம். இப்போது அங்கே இட்லிப் பூவும், அதற்கு முன்னால் டேபிள் ரோஸும் பூக்கின்றன. இவற்றுக்கும் பெரிய பராமரிப்பு இல்லை. எந்தச் செடி வாங்கினாலும், "கிள்ளினால் பால் வருமா?" என்று முதலில் கேட்கிறேன். கத்தரிக்கோலைத் தொடும் முன் என் கணவரும், "கண்ணுக்குப் போடுற கண்ணாடி எங்கடி?" என்று தேடுகிறார்.