ஹைதம் பார்க்காத ஐந்து நாட்கள்

பகீத் நாற்பத்தெட்டு வயது வரை ஓமானின் தெற்கே சலாலாவிலிருந்து மலைக்கிராமங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். முதுகுவலி அவரை லாரியிலிருந்து இறக்கிவிட்ட பிறகு, ஊர் சுற்ற வருகிறவர்களைத் தன் காரில் கடலோரமாக அழைத்துப் போகத் தொடங்கினார். மேற்கே ராக்யூத் வரைக்கும் கிழக்கே ஹாசிக் வரைக்கும் அவர் நிற்காத கடற்கரை கிடையாது. எந்த மேட்டில் மூடுபனி முதலில் விலகும், எந்த வளைவில் ஒட்டகங்கள் சாலையை மறிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேச்சும் நன்றாக வரும். இரண்டே வருடத்தில் மஸ்கத்திலிருந்தும் சூரிலிருந்தும் தொலைபேசி வர ஆரம்பித்தது.

எல்லோரோடும் தானே போய்வர ஓர் ஆளுக்கு முடியாதே. அதனால் ஒருமுறை உட்கார்ந்து ஏழு நாளுக்கு ஒரு திட்டம் எழுதினார். முதல் நாள் தென்னந்தோப்பு, இரண்டாம் நாள் முக்சைல் பாறைகள், மூன்றாம் நாள் ஃபஸாயா கடற்கரை என்று போய், தர்பாத் அருவி, தாகா, மிர்பாத் எல்லாம் தொட்டு ஹாசிக்கில் முடியும். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே கைபேசியில் அனுப்பினார். அதை அவர் எழுதியது ஒரு ஜனவரி மாதத்தில், வெளிநாட்டுக் கணவன் மனைவி இருவருக்காக. ஆகஸ்டில் கேட்டவர்களுக்கும் அதே திட்டம்தான் போனது. கரீஃப் என்னும் பருவமழை தூறும் அந்த மாதங்களில் மலை பச்சையாகிறது, நாடே சலாலாவுக்குத் திரண்டு வருகிறது, கடல் வெறிபிடித்து நிற்கிறது. இதெல்லாம் தெரிந்தவர்தான் பகீத். ஆனாலும் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அப்படியோர் ஆகஸ்டில், வடக்கே இப்ராவிலிருந்து வந்த நான்கு இளைஞர்களில் ஒருவனை முக்சைல் பாறைமேல் அலை இழுத்துக்கொண்டு போனது. ஹைதம், இருபத்திரண்டு வயது. பத்து நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. செய்தியில் பெயரைப் பார்த்ததும் பகீத் கைபேசியைத் திறந்தார். ஜூலை கடைசியில் அதே பெயருக்குத் திட்டம் அனுப்பியிருந்தார். இரண்டாம் நாளுக்கு அதில் இப்படி எழுதியிருந்தது: ‘சாயங்காலம் கீழ்த்தட்டில் இறங்கி நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் அலை எழும்பும்போது படம் அருமையாக வரும்.’ அந்த வரியைத் தன்னிடமிருந்த பிரதியில் அழித்தார். மனைவி துஃபூலிடம்கூட வாய் திறக்கவில்லை. போலீஸ் அவரைத் தேடி வரவில்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஓர் அழைப்பு வந்தது. ஹைதமின் தகப்பன் ஹமூத் பேசினார். தன் மகனுக்குக் கொடுத்த அதே ஏழு நாள் தனக்கும் வேண்டும், ஆனால் கூடவே வந்து காட்ட வேண்டும் என்றார். முதுகுவலி என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். பகீத் வாயில் அந்தப் பொய் வரவில்லை.

ஹமூத் அறுபதைத் தாண்டிய பேரீச்சந்தோட்டக்காரர். கடலையே அதுவரை பார்த்ததில்லை. ஒரு டப்பா பேரீச்சம்பழமும், அச்சடித்து நான்காக மடித்த ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். மூத்த மகனின் பெயரைச் சேர்த்துத் தகப்பனைக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. அதனால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும், காரை நிறுத்தட்டுமா என்று கேட்கவும், ஒவ்வொரு முறையும் ‘அபூ ஹைதம்’ என்றே பகீத் தொடங்க வேண்டியிருந்தது. தென்னந்தோப்பில் இளநீர் குடித்தார்கள். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஹமூத் குடித்து முடித்து, பென்சிலால் அதற்கு நேராக ஒரு கோடு போட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் முக்சைலுக்குப் போனார்கள். பாறைக்கு முன்னால் புதிதாக வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தார்கள். ஹமூத் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கீழ்த்தட்டுன்னு எழுதியிருக்கே, அது எது?”

பகீத் கையை நீட்டினார். காட்டிய இடத்தில் வெறும் நுரைதான் இருந்தது. ஓர் அலை பின்வாங்கியபோது கறுத்த பாறை ஒரு கணம் தலைகாட்டியது. அடுத்த அலை அதை மூடிவிட்டது.

ஹமூத் தாளைப் பிரித்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரைப் போல அந்த வரியை மெதுவாக வாசித்தார். பிறகு கேட்டார்.

“இதை எழுதினது யாரு?”

“நான்தான், அபூ ஹைதம்.”

“எழுதுறப்போ நீ அங்க நின்னிருக்கியா?”

“நின்னிருக்கேன். ஜனவரியில. அப்போ கடல் குளம் மாதிரி கிடந்துச்சு.”

“என் பையன் வந்தது ஆகஸ்ட்.”

“ஆமா.”

“ஆகஸ்ட்ல கடல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

அடிப்பார் என்று பகீத் எதிர்பார்த்தார். அடித்துவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. ஹமூத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நேத்தே சொல்லியிருக்கலாம் நீ. சொல்றியான்னு பார்த்தேன்” என்றார். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாளிலிருந்து ஹைதம் பார்க்காத நாட்கள். அவற்றில் ஒன்றைக்கூட ஹமூத் விடவில்லை. ஃபஸாயாவில் குளிக்க வேண்டும் என்று தாள் சொன்னது. நீச்சல் தெரியாத அந்த மனிதர் தன் வெள்ளை அங்கியோடு முழங்கால்வரை இறங்கினார். அலை வந்து மோதியதும் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். பகீத் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். ஹமூத் பகீத்தின் கையை உதறவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை. உப்பு அப்பிய தாடியோடு கரையில் உட்கார்ந்து, “தண்ணி இவ்வளவு கனமா இருக்கே” என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள் தர்பாத்தில் படகுச் சவாரி. எதிர்ப்படகில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹமூத் படகின் நடுவில் கல்லைப்போல உட்கார்ந்திருந்தார். தாகாவில் சாலையோரத்தில் சுட்ட இறைச்சிக் குச்சி ஒன்று வாங்கி, பாதி தின்றுவிட்டு மீதியைப் பூனைக்குப் போட்டார். மிர்பாத் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் ஹமூத் தானாகவே போய், இரண்டு மாதத்துக்கு முன் முக்சைலில் விழுந்தது எங்கே கரையேறும் என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அந்த மீனவருக்குத் தெரியாது. கரீஃப் காலத்து நீரோட்டம் எல்லாவற்றையும் கிழக்கே இழுத்து, ஹாசிக் தாண்டி நடுக்கடலுக்குத் தள்ளிவிடும் என்றார். “ரெண்டு மாசம் ஆச்சுன்னா கேக்கவே வேணாம், பெரியவரே. மீனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வலையில் குனிந்துகொண்டார். அன்று ஹமூத் தாளில் கோடு போட மறந்துவிட்டார்.

ஏழாம் நாள் ஹாசிக்கில், மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் காரை நிறுத்தினார்கள். ஹமூத் பேரீச்சம்பழ டப்பாவை இருவருக்கும் நடுவில் வைத்தார். அந்த வாரத்தில் அவர் தொடர்ச்சியாகப் பேசியது அப்போதுதான்.

அவர் தம்பி மகன் யாகூப், ஹைதமோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது அவன்தான். ‘இன்னும் கொஞ்சம் கீழ போடா’ என்று சொன்னதும் அவன்தான். இப்ரா போலீஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் ஹமூத் அவனைச் செருப்பால் அடித்தார். ஹைதமின் தாய் அவனுக்கு வாசற்கதவைச் சாத்தினாள். ஊரே அவனைக் கொலைகாரன் என்றது. இப்போது அவன் தன் தகப்பன் வீட்டில் அறையை விட்டு வெளியே வருவதில்லை, ஊட்டினால்தான் சாப்பிடுகிறான். பிறகு ஒருநாள் மகனின் கைபேசியில் இந்தத் திட்டம் ஹமூத் கண்ணில் பட்டது. மனைவியிடம் காட்டினார். தாள் போய் யாரையும் தள்ளிவிடாது, பக்கத்தில் நின்றவன்தான் தள்ளினான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என் மகன் போயிட்டான். தம்பி மகனையும் நாங்க கொன்னுக்கிட்டு இருக்கோம்” என்றார் ஹமூத். “நீ இப்ராவுக்கு வா. எழுதினது நான்தான்னு அவ முன்னால சொல்லு. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

“அடிச்சே கொன்னுடுவாங்களே, அபூ ஹைதம்.”

“மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்து பகீத் துஃபூலிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள், திட்டினாள். இரண்டு மாதம் இதைத் தன்னிடம் மறைத்துத் தன் பக்கத்தில் எப்படிச் சாப்பிட முடிந்தது என்று கேட்டாள். பிறகு அவருடைய நல்ல அங்கியை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஒன்பது மணி நேரம் பாலைவனச் சாலையில் ஓட்டி பகீத்தும் ஹமூத்தும் இப்ரா போய்ச் சேர்ந்தார்கள். கூடத்தில் ஹமூத்தின் தம்பி, உறவினர்கள் என்று பத்துப் பேர் இருந்தார்கள். தாய் வாசலை ஒட்டிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். யாகூப்பைப் பிடித்துக்கொண்டு வந்து மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். தோள் எலும்பு துருத்தி, தாடி காடாக வளர்ந்திருந்தது. பகீத்துக்குக் காப்பிக் கிண்ணம் நீட்டினார்கள். வந்த காரியத்தைச் சொல்லாமல் குடிக்க மாட்டேன் என்று அதைத் தரையில் வைத்தார்.

“உங்க பையனை அந்தப் பாறையில இறங்கி நிக்கச் சொன்னது நான்” என்றார். “குளிர்காலத்துக்கு எழுதினதை மழைக்காலத்துல அனுப்பினேன். திரும்பப் படிச்சுப் பார்க்கல. இந்தப் பையன், நான் எழுதினதை நம்பித்தான் அப்படிச் சொன்னான்.”

ஹமூத்தின் தம்பி எழுந்து பகீத்தின் அங்கிக் கழுத்தைப் பிடித்தார். ஹமூத் தம்பியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தாய் சுவரோரத்திலிருந்து கேட்டாள்.

“உனக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“மூணு பேர்.”

“ஆகஸ்ட்ல அவங்களை அங்க நிக்க விடுவியா?”

பகீத் தலை குனிந்தார். “மாட்டேன், தாயே.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாகூப் அழுதுகொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் அவன் அழுதது அதுவே முதல் தடவை என்று பிறகு ஹமூத் சொன்னார். காப்பி ஆறிப்போனது. மறுபடி ஊற்ற யாரும் வரவில்லை. பகீத் அப்படியே எழுந்து காருக்குப் போனார்.

திரும்பி வந்ததும், இதுவரை திட்டம் அனுப்பிய எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். பாறையில் இறங்காதீர்கள், அது நான் செய்த தவறு, அதனால் ஒரு பையன் செத்துவிட்டான் என்று எழுதினார். சிலர் கட்டைவிரல் படத்தை அனுப்பினார்கள். ஒருவர், டிசம்பருக்கு வேறு திட்டம் இருக்கிறதா என்று கேட்டார். பகீத் பதில் போடவில்லை. முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, மலைக்கு மாட்டுத்தீவனம் ஏற்றும் லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முக்சைல் பக்கம் போக வேண்டிய சுமை வந்தால் வேறு ஓட்டுநரிடம் மாற்றிக்கொள்வார்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஹமூத்திடமிருந்து அழைப்பு வந்தது. யாகூப் வீட்டுக்கு வந்தான் என்றார். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லோரோடும் உட்கார்ந்தான், ஹைதமின் அம்மா அவன் பக்கமாகச் சோற்றைத் தள்ளிவைத்தாள் என்றார்.

“ஏதாவது பேசினாங்களா?” என்று பகீத் கேட்டார்.

“இல்ல” என்றார் ஹமூத். “ஆனா அவன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அவ எந்திரிக்கல.”