முதல் பத்து நிமிடம்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் பிள்ளைகள் படம் எது வந்தாலும் அதை முதலில் பார்ப்பவர் பிரேமாவதி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாளில் இதுதான் தலையாய கடமை. பார்த்துவிட்டுத் ரப்பர் தோட்டக் குடியிருப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவார். அவர் சரி என்றால்தான் அவர்கள் தியேட்டருக்கு வேன் பிடிப்பார்கள். தான் பெரிய நீதிபதி என்ற நினைப்பு அவருக்கும் கொஞ்சம் உண்டு.

அந்த நினைப்புக்கு அடி விழுந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால். குங்ஃபூ கற்கும் நீர்நாயின் கார்ட்டூன் படம் அது. வேலை முடிந்து ஓடியதில் பிரேமாவதிக்குப் பத்து நிமிடம் தாமதம். அதைச் சொல்லாமல், "பயப்பட ஒன்னுமே இல்ல லா, தைரியமா கூட்டிட்டுப் போங்க" என்று பதிவு போட்டுவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நீர்நாயின் அப்பா வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறக்கிறார். குழுவில் இருந்த வாசுகியின் மகள் ஷீலாவுக்கு அப்போது ஏழு வயது. சாலை விபத்தில் அப்பாவை இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை அலறிய அலறலில் படம் தொடங்கிய கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். வாசுகி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பிரேமாவதிக்கு.

இப்போது இரண்டாம் பாகம். விடுப்பு எடுத்துக்கொண்டு, விளக்கு அணையும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டார். கழிப்பறைக்குக்கூட எழவில்லை. நீர்நாய் சோம்பேறி வாத்துகளுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கிறது. வயிறு வலிக்கச் சிரிப்பு, ரத்தமே இல்லாத சண்டை. முதல் பாகத்தைவிட நல்ல படம். ஆனால் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், கனவில் அந்த அப்பா வருகிறார். மகனின் கோணல் உதையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். பிரேமாவதிக்கு ஷீலாவின் அலறல் நினைவுக்கு வந்தது.

குழுவில், "குடும்பத்தோட போகலாம்" என்று போட்டார். வாசுகியை மட்டும் தனியாக அழைத்து உள்ளது உள்ளபடி சொன்னார். "அந்த இடத்துல புள்ளய வெளிய கூட்டிட்டு வந்துரு. இல்லன்னா போகவே வேணாம் லா."

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் வாசுகி.

மூவரும் போனார்கள், ஷீலா நடுவில். கனவு வரும் நேரம் பிரேமாவதி பிள்ளையின் காதில், "இப்ப அந்த அப்பா வருவாரு. வெளிய போலாமா?" என்றார். ஷீலா மாட்டேன் என்று தலையாட்டினாள். அதற்குமேல் பிரேமாவதி திரையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நம்ம அப்பாவும் இப்படித்தான சத்தமா சிரிப்பாரு?"

"ஆமா லா. பக்கத்து வீடே முழிச்சிக்கும்." வாசுகி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவரைப் பற்றி யாரும் சிரித்துப் பேசியதில்லை.

வெளியே வந்ததும் பிரேமாவதி மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். வாசுகி விடவில்லை. "மூனாவது பாகம் வந்தா, நீங்கதான்கா மொதல்ல பாத்துட்டுச் சொல்லணும்."

கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது பிரேமாவதிக்கு. "சரி லா" என்றார்.