மூக்கில் இல்லாத அட்டை

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. புருஷன் செத்த பிறகு அதில் நானும் நாலு வயது மகளும் மட்டும்தான். கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை. குடித்துவிட்டு வந்து, "தங்கச்சி, நெருப்புப்பெட்டி இருக்கா?" என்று தட்டுகிற நல்லவர்களும் அந்த லயத்தில் இருந்தார்கள். என் செவலை நாய் ஒருதரம் உறுமினால் போதும், யாருக்கும் நெருப்புப்பெட்டி தேவைப்படாது. என்னை எல்லோரும் வாயாடி என்பார்கள். என் வாய்க்கு எவன் பயந்தான்? நாய்க்குத்தான் பயந்தார்கள்.

நாய் படுப்பது அடுப்பு மூலையில், ஒரு பழைய சாக்கில். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பிக் கிடக்கும். ஆமணக்கு விதை மாதிரி ஊதியவற்றை மகள் பிடுங்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் போடுவாள். உண்ணி இல்லாத நாய் எந்த லயத்தில் இருந்தது? நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் நாய் சோறு தின்பதை நிறுத்தியது. உடம்பு கொதித்தது. ஒருநாள் கொழுந்தெடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலெல்லாம் ரத்தம். அதன் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பங்களா நாய்க்கு நோய் வந்தால் கார் டவுனுக்குப் போகும். லயத்து நாய்க்குப் பக்கத்துக் காம்பரா அண்ணன்தான். தோட்டத்து மாடுகளைப் பார்க்கிறவர், எத்தனையோ மாட்டின் மூக்கிலிருந்து அட்டை எடுத்தவர். நாயின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அட்டை ஏறிருச்சு தங்கச்சி. ஓடையில வாய வச்சிருக்கும். தண்ணி காட்டாதீங்க. நல்லா தாகம் எடுக்கட்டும். அப்புறமா கிண்ணத்த மூக்குக்கிட்ட புடிச்சா, அட்டை தன்னால தலைய நீட்டும்."

அட்டையை எங்களுக்குத் தெரியாதா? காலிலும் இடுப்பிலும் அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டுதானே கொழுந்தெடுக்கிறோம். மூக்கில் ரத்தம் என்றால் அட்டைதான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

காய்ச்சலில் கிடந்த நாய்க்கு ஒரு பகல் முழுக்கத் தண்ணீரை மறைத்தோம். பிறகு கிண்ணத்தை நீட்டினோம், நக்க விடாமல் வாயைக் கட்டி. அட்டை வரவில்லை. புகையிலையை ஊறவைத்துப் பிழிந்து மூக்கில் விட்டார் அண்ணன். ரத்தம் கூடுதலாகத்தான் வந்தது. கட்டை அவிழ்த்ததும் நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. பாழாய்ப்போன நாய், ஒருதரம் என்னைக் கடித்திருக்கக் கூடாதா!

பல வருடம் கழித்து, நுவரெலியாவில் ஒரு மாட்டு டாக்டரிடம் இதைச் சொன்னேன். உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி ரத்தத்தில் சேர்ந்துவிடுமாம். காய்ச்சல் வருமாம், பிறகு ரத்தம் உறையாமல் மூக்கால் ஒழுகுமாம். "அட்டையாம்மா தேடுனீங்க?" என்று சிரித்தார். அவரை அறையலாம் போல இருந்தது எனக்கு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நாய் செத்தது. அப்போதும் அண்ணன் விடவில்லை. "உடம்பு ஆறுனா வெளிய வந்துரும், பாருங்க." சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். அட்டை மேல் போட மகள் கையில் உப்பு வைத்திருந்தாள்.

அட்டை வரவில்லை. உடம்பு ஆற ஆற, காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் உண்ணிகள் இறங்கின. சாக்கின் மேல் நடந்து அடுப்புச் சுவரின் வெடிப்புக்குள் போயின.

"அம்மா, உண்ணியெல்லாம் போவுதும்மா."

"போனா போவுது, விடு," என்றேன். என் கண் நாயின் மூக்கை விட்டு நகரவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் கதவு தட்டப்பட்டது. நெருப்புப்பெட்டி வேண்டுமாம். உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினேன். வெளியே சிரித்தார்கள்.

மறுநாளே அண்ணன் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், குளிரில் நடுங்கியது. சாக்கை நன்றாக உதறி, அதே அடுப்பு மூலையில், சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்தேன்.